ஹார்லன் தெரு சபையில் பாடக்கூடாத பாட்டு

லான்ஸோ பெட்வே இறந்துபோன சேதி வெர்லீனுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தது. அவள் அப்போது சமையலறை மேசையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். சேதி கொண்டுவந்தவள் லான்ஸோவின் மகள் ரெனீட்டா. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் மெம்பிஸ் நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் காரை ஓட்டிக்கொண்டு நேரிலேயே வந்திருந்தாள்.

வெர்லீன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு அவளை அணைத்துக்கொண்டாள். பிறகு வெர்லீன் குளிர்ந்த தேநீரை ஒரு பெரிய கண்ணாடி டம்ளரில் ஊற்றி, மூடிவைத்திருந்த சோள ரொட்டியையும் எடுத்து முன்னால் வைத்தாள். துக்க வீட்டிலிருந்து வருகிறவள் எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டாள் என்பது தெரிந்ததுதான்.

"எப்ப கண்ணு?"

"நேத்து சாயங்காலம். சாய்வு நாற்காலியிலயே தூங்கிட்டிருந்தாரு. நான் எழுப்பப் போனேன். எழுந்திரிக்கல."

"கஷ்டப்படலையே?"

"இல்ல. காலையில கூட என்னை வம்புக்கு இழுத்தாரு. காபி ஆத்துத் தண்ணி மாதிரி இருக்குன்னாரு."

வெர்லீன் சிரித்தாள். கண்ணில் நீர் முட்டியது.

ரெனீட்டா ரொட்டியைப் பிட்டாளே தவிர வாயில் போடவில்லை. "மிஸ் வெர்லீன், நான் வந்தது வேற ஒண்ணுக்கும். அப்பாவ ஹார்லன் தெரு சபையில வெச்சுத்தான் அனுப்பணும். அங்கதான் அவருக்கு ஞானஸ்நானம் ஆச்சு. பாஸ்டரும் சரின்னுட்டாரு. அடுத்த சனிக்கிழமை. ஆனா அந்தப் பாட்டு இல்லாம எப்படி அனுப்புறது? அப்பாவோட மொத்த வாழ்க்கையும் அந்த ஒரு பாட்டுதானே?"

"பாஸ்டர் என்ன சொன்னாரு?"

"தனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லன்னாரு. ஆனா அந்தப் பாட்டைச் சபை மனைக்குள்ள பாடக் கூடாதுன்னு பேர் போட்டே சபைப் புஸ்தகத்துல எழுதியிருக்காம். நாப்பத்தாறு வருஷமா. ஒரு சிஸ்டர் எல்லார் முன்னாலயும் எழுந்து நின்னு சொன்ன வார்த்தைய வெச்சு எழுதினதாம். அந்த சிஸ்டர் இன்னும் உயிரோடதான் இருக்காங்க, அவங்ககிட்ட போய்க் கேளும்மான்னாரு." ரெனீட்டா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கதானாமே?"

வெர்லீன் கீரைக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நான்தான்."

"பாட்டுல அந்தக் குரல் நீங்கதான். பாடக் கூடாதுன்னு சொன்னதும் நீங்கதானா?"

"ஞாயித்துக்கிழமை சபைக் கூட்டம் இருக்கு. அங்க வா. அங்க சொல்றேன்."

"இதுல யோசிக்க என்ன இருக்கு மிஸ் வெர்லீன்? ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல."

"இருக்கு, கண்ணு," என்றாள் வெர்லீன். ஒரு கீரைத் தண்டைக் கிள்ளினாள்.

அந்தப் பாட்டின் பெயர் 'உன் தட்டு சூடாத்தான் இருக்கு'. மெம்பிஸில் அதைக் கேட்காமல் ஒரு வாரத்தைக் கடத்திவிட முடியாது. கல்யாணத்தில் போடுவார்கள். கல்யாணம் முறிந்த மறுநாள் சிநேகிதர்கள் கூடி உட்காரும்போதும் போடுவார்கள். முடி திருத்தும் கடையிலும், பிள்ளைகள் சக்கரச் செருப்புடன் சறுக்கி விளையாடும் அரங்கிலும், சிறுநீரகச் சுத்திகரிப்புக்காக மணிக்கணக்கில் படுத்திருக்கும் நோயாளிகளின் வார்டிலும் அது ஓடும்.

பாடுகிறவன் மனைவி பிரிந்துபோனவன். அவளுக்கென்று எடுத்துவைத்த சாப்பாட்டுத் தட்டை ரொட்டி சுடும் அடுப்புக்குள் மூடிவைத்துவிட்டு, சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவ்வளவுதான் கதை. மூன்றாவது அடி முடிந்ததும் எல்லா வாத்தியங்களும் நின்றுவிடும். 'கேக்குதா உனக்கு?' என்று அவன் குரல் மட்டும் தனியாக எழும். பிறகு மௌனம். அந்த மௌனத்தின் நடுவில், கொஞ்சம் தள்ளி நின்று பேசுவது போல ஒரு பெண் குரல் கேட்கும். 'கேக்குது... கேக்குது.' இரண்டாவது முறை அது மேலே ஏறி, உடைந்து, இறங்கும். உடனே மத்தளமும் ஊது வாத்தியங்களும் மடை திறந்ததுபோல் வந்து விழும்.

அந்த இடத்துக்காகத்தான் ஜனங்கள் பாட்டையே கேட்டார்கள். சிவப்பு விளக்கில் நிற்கும் மூன்று கார்களில் ஒரே வானொலி ஓடினால் மூன்றிலிருந்தும் அந்தப் பதில் வரும். பாடத் தெரியாதவனும் அந்த இடத்தில் வாயைத் திறப்பான். பாட்டு வந்த காலத்தில் பிறக்காத பிள்ளைகளின் பிள்ளைகளுக்கும் அது தெரிந்திருந்தது.

வெர்லீன் முப்பத்தோரு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தின் சமையலறையில் வேலை பார்த்தவள். சாப்பாட்டு வரிசையில் நிற்கும் வாண்டுகள் தட்டைத் தட்டிக்கொண்டு 'கேக்குதா உனக்கு?' என்று ஒரு கோடியில் ஆரம்பித்தால், மறுகோடியிலிருந்து பதில் வரும். கூட வேலை பார்த்த க்ளோடெல்லுக்கு மட்டும் விஷயம் தெரியும்.

"அடியே வெர்லீன், பிள்ளைங்க உன்னைத்தான் கூப்பிடுதுங்க. பதில் சொல்லு."

"என் வாயைக் கிளறாத. அங்க பட்டாணி அடி பிடிக்குது, அதைக் கிளறு."

"உலகமே இவ குரலைக் கேட்டுக்கிட்டு இருக்கு. இவ இங்க தலையில வலையை மாட்டிக்கிட்டு உருளைக்கிழங்கு மசிக்கிறா."

"உருளைக்கிழங்குக்குக் காது இல்லடி. அதான் நிம்மதி."

இசைத்தட்டில் அவள் பெயர் கிடையாது. அந்தக் காலத்தில் பின்பாட்டுப் பாடுகிறவர்களின் பெயரை யாரும் போடுவதில்லை. அவள் புருஷன் கர்ட்டிஸ் அந்தப் பாட்டை வியட்நாமில் ஒரு முகாமில் வைத்துக் கேட்டவன். அது அவள்தான் என்று அவள் சொன்னபோது அவன் நம்பவில்லை. கல்யாணமாகி இரண்டு வருடம் கழித்து, கொல்லைப்புறத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளை அவன் கூப்பிட, அவள் "வந்துட்டேன், வந்துட்டேன்" என்று குரல் கொடுத்தாள். அன்றைக்குத்தான் நம்பினான். கர்ட்டிஸ் போய் ஒன்பது வருடமாகிறது.

அந்தக் குரல் பாட்டுக்குள் வந்தது ஒரு பிழையால். அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. பழைய சலவைக்கடை ஒன்றை ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி வைத்திருந்தார்கள். ஜூலை மாதம். மின்விசிறி ஓடினால் சத்தம் ஒலிவாங்கியில் விழும் என்று அதையும் நிறுத்தியிருந்தார்கள். லான்ஸோ காலையிலிருந்து பாடிக்கொண்டிருந்தான். அவனுக்கு இருபத்துநான்கு வயது. ஒரே சபையில் வளர்ந்தவர்கள் என்பதால் வெர்லீனையும் இன்னும் இரண்டு பெண்களையும் அவன்தான் பின்பாட்டுக்குக் கூட்டி வந்திருந்தான்.

பாட்டில் அந்த மௌனம் முதலிலிருந்தே இருந்தது. 'கேக்குதா உனக்கு?' என்று அவன் கேட்க வேண்டும். எல்லாரும் நாலு தாளத் தட்டு நேரம் சும்மா இருக்க வேண்டும். பதில் வராது. அவள் போய்விட்டாள், வீடு காலி, அதுதான் அந்த மௌனத்தின் பொருள். கூடத்தின் சொந்தக்காரர் ஹோலிஸ் விரல் விட்டு எண்ணிக் காட்டி மூன்று தடவை விளக்கியிருந்தார். நான்கு தடவை பாடிப் பதிவு செய்தார்கள். நான்கும் சரியாகத்தான் வந்தன. ஆனால் எதிலும் உயிர் இல்லை.

ஐந்தாவது தடவை லான்ஸோவுக்குக் குரல் கம்மிப்போயிருந்தது. இருந்ததையெல்லாம் திரட்டி அந்தக் கேள்வியைக் கேட்டான். அவன் அப்படிக் கேட்டபோது வெர்லீனுக்குச் சலவைக்கடை மறந்துபோயிற்று. ஹார்லன் தெரு சபையில் ஜெபத்தை நடத்துகிறவர் கூப்பிட்டால் பெஞ்சுகளிலிருந்து பதில் போக வேண்டும். கூப்பிட்ட குரலைத் தனியாகத் தொங்க விடக்கூடாது. மூன்று வயதில் அவள் அம்மா மடியில் உட்காரவைத்து, பதில் சொல்லாத ஒவ்வொரு தடவையும் தொடையைக் கிள்ளிக் கிள்ளிப் பழக்கிய பழக்கம் அது. அவள் வாய் தானாகத் திறந்தது. கேக்குது, கேக்குது.

பாட்டு முடிகிறவரை யாரும் நிறுத்தவில்லை. முடிந்ததும் ஹோலிஸ் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார்.

"பாப்பா, அங்க பேசக் கூடாதுன்னு எத்தன தடவ சொன்னேன்? லான்ஸோ, இன்னும் ஒரு தடவ."

லான்ஸோ ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தான். முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"வேண்டாம் சார்."

"வேண்டாமா? அவ மொத்தத்தையும் கெடுத்துட்டா."

"நாலு தடவ கூப்பிட்டேன். ஒருத்தரும் பேசல. இந்தத் தடவ பதில் வந்துருச்சு. பதில் வந்த பிறகு எதுக்கு சார் கூப்பிடணும்?"

எல்லாக் குரலும் எல்லா வாத்தியமும் ஒரே நாடாவில் கலந்துவிடும் காலம் அது. அவள் குரலை மட்டும் பிரித்து எடுக்க வழியில்லை. லான்ஸோவுக்கோ அதற்கு மேல் பாடக் குரல் இல்லை. பாட்டு அப்படியே வெளியே போயிற்று.

இசைத்தட்டில் பெயர் இல்லாவிட்டால் என்ன, ஹார்லன் தெரு சபைக்கு அவள் குரல் தெரியாதா? அக்டோபரில், முடி திருத்தும் கடையில் உட்கார்ந்திருந்த சபைப் பொறுப்பாளர் டீக்கன் ஹோஸியா மேபின் வானொலியில் அதைக் கேட்டார். அப்போது அவர் முப்பத்துநான்கு வயதுக் கண்டிப்பான மனிதர். பாதி முகச் சவரத்தோடு எழுந்து நேரே பழைய பாஸ்டர் வீட்டுக்கு நடந்தார் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள்.

வெளியுலகப் பாட்டைப் பாடினாள் என்பது மட்டும் குற்றமில்லை. ஆண்டவர் சந்நிதியில் ஜெபத்துக்குச் சொல்லும் பதிலை, அதே ஏற்ற இறக்கத்தோடு கொண்டுபோய்ச் சாராயக்கடையில் ஓடும் பாட்டில் வைத்துவிட்டாள் என்பதுதான் குற்றம். பாடகர் குழுவிலிருந்து அவளை நிறுத்தினார்கள். சபை நடுவில் நின்று, செய்தது பாவம் என்று ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்கிறவரை சபையில் அவள் பாடக் கூடாது. பாடகர் குழு பாடும்போது கூடவே முணுமுணுக்கவும் கூடாது. கடைசிப் பெஞ்சில் வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும்.

வெர்லீன் மன்னிப்புக் கேட்கவில்லை. "கூப்பிட்டாங்க, பதில் சொன்னேன். நீங்கதானே அப்படிச் சொல்லிக் கொடுத்தீங்க?" என்றாள். பதினோரு மாதம் கடைசிப் பெஞ்சில் இருந்தாள்.

அடுத்த செப்டம்பரில் அவள் அம்மா இறந்துபோனாள். அது 1968, கொலையும் கலவரமுமாக அந்த ஊரில் துக்கத்துக்குப் பஞ்சமே இல்லாத வருடம். அதில் இது அவள் பங்கு. அம்மாவின் சவப்பெட்டி உள்ளே வரும்போது நிறுத்தி வைக்கப்பட்ட மகள் பாட முடியாது. அடக்கத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வெர்லீன் எழுந்து முன்னால் போனாள். "சாத்தான் என் நாக்கைப் பிடிச்சுக்கிட்டான். அந்தப் பாட்டு அவனோடது" என்றாள். எல்லாரும் வலது கையைத் தூக்கினார்கள். மன்னிப்புக் கிடைத்தது. செயலாளர் அவள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் புத்தகத்தில் எழுதி, அந்தச் சாட்சியை முன்னிட்டு அந்தப் பாட்டைச் சபை மனையில் எங்கும் பாடுவதோ போடுவதோ கூடாது என்றும் எழுதிக்கொண்டார்.

திரும்பி இடத்துக்கு வரும்போதுதான் அவள் பார்த்தாள். கடைசிப் பெஞ்சில் லான்ஸோ உட்கார்ந்திருந்தான். ஊர் ஊராகப் பாடிக்கொண்டிருந்தவன் அவள் அம்மாவின் சாவுக்காக வந்திருக்கிறான். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவு சத்தமில்லாமல் மூடும்படி பிடித்துச் சாத்திவிட்டு வெளியே போனான். அதற்குப் பிறகு அவன் அந்தச் சபைக்குள் வரவே இல்லை.

சனிக்கிழமை அம்மாவின் பெட்டிக்கு முன்னால் வெர்லீன் பாடினாள். நன்றாகவே பாடினாள். எல்லாரும் அழுதார்கள்.

காலம் போகப் போகச் சபை தளர்ந்துகொடுத்தது. பக்கத்து விருந்துக் கூடத்தில் கல்யாணங்களுக்கு வெளியுலகப் பாட்டுகளை ஒவ்வொன்றாக விட்டார்கள். யாரும் எதிர்த்து எழுதி வைக்காத பாட்டுகள் அவை. பேர் போட்டு எழுதியிருந்தது இந்த ஒன்றுதான். அதனால் ஹார்லன் தெருவில் ஒரு வழக்கம் உண்டாயிற்று. விருந்து நடுவில் யாராவது கண்ணைக் காட்டுவார்கள். மாப்பிள்ளை பெண் உட்பட மொத்தக் கூட்டமும் தெருவின் எதிர்ப்புறத்துக் காலி மனைக்குப் போகும். ஒரு காரின் நான்கு கதவுகளையும் திறந்துவைத்து அந்தப் பாட்டைப் போட்டு ஆடுவார்கள். பிறகு வேர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து கேக் சாப்பிடுவார்கள். வெர்லீன் மட்டும் கூடத்தில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருப்பாள். சொந்தக்காரக் கல்யாணங்களுக்கு வரும் லான்ஸோ அந்தக் காலி மனையோடு நின்றுவிடுவான்.

லான்ஸோவுக்கு அந்த ஒரு பாட்டைத் தவிர வேறெதுவும் ஓடவில்லை. பிற்பாடு ரொட்டிக் கம்பெனி வண்டி ஓட்டினான். வாரக் கடைசியில் ஆற்றோரச் சூதாட்ட விடுதிகளில் போய் அந்தப் பாட்டைப் பாடிவிட்டு வருவான். வெர்லீனின் பள்ளிக்கூடத்துக்கும் அவன்தான் ரொட்டி கொண்டு வருவான். பன்னிரண்டு வருடம் வாரம் இரண்டு தடவை அவனைப் பார்த்தாள். ஒரே ஒரு தடவைதான் அவளுக்குத் துணிவு வந்தது.

"லான்ஸோ, அன்னிக்கு அம்மா சாவுக்கு முன்ன, நான் சொன்னது..."

"பன் எத்தன தட்டு இறக்கணும்? ஆறா, எட்டா?"

"லான்ஸோ."

"எட்டே இறக்குறேன். வெள்ளிக்கிழமை பசங்க ஜாஸ்தி தின்னும்." வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகு அவளைப் பார்த்தான். "உங்க அம்மா தங்கமான மனுஷி, வெர்லீன். அவங்களுக்கு ஒரு பாட்டுக் கிடைச்சுது. விடு."

அவன் விட்டுவிட்டான். அவளால் விட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுச் சபைக் கூட்டம் ஆரம்பமாயிற்று. நல்ல வெயில். சவ அடக்கக் கடைக்காரர் விளம்பரம் போட்ட அட்டை விசிறிகள் பெஞ்சுக்குப் பெஞ்சு அசைந்துகொண்டிருந்தன. ரெனீட்டா நடுவில் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வெர்லீன் பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில், நாற்பத்தாறு வருடமாக நிற்கும் இடத்தில், நீல அங்கியோடு இருந்தாள்.

பாஸ்டர் லைல்ஸ் ஐம்பதைத் தாண்டாதவர், மென்மையானவர். லான்ஸோ குடும்பத்தின் கோரிக்கையைச் சொன்னார். செயலாளர் பழைய புத்தகத்தைத் திறந்து 1968 செப்டம்பர் குறிப்பை வாசித்தார். 'சாத்தான் என் நாக்கைப் பிடிச்சுக்கிட்டான்' என்ற இடத்தில் ஒன்றிரண்டு இளம்பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். அவர்களும் அந்தப் பாட்டுக்கு எதிர் மனையில் ஆடியவர்கள்தான்.

வெர்லீன் எழுந்து முன்னால் வந்து நின்றாள்.

"இந்த இடத்துலதான் நான் அதைச் சொன்னேன். அது பொய்."

விசிறிகள் நின்றன. டீக்கன் மேபின் கைத்தடியை ஊன்றிக்கொண்டு முன் பெஞ்சில் நிமிர்ந்தார். இப்போது அவருக்கு எண்பது வயது. முதுகு மட்டும் வளையவில்லை.

"சிஸ்டர் வெர்லீன், யோசிச்சுப் பேசுங்க. அந்த மன்னிப்பு மேல நின்னுதான் நீங்க உங்க அம்மா அடக்கத்துல பாடினீங்க."

"ஆமா, டீக்கன். ஒரு பொய் மேல நின்னு பாடினேன்."

"அம்மா பேரை இதுல இழுக்காதீங்க."

"இழுக்கல டீக்கன். அன்னிக்கு இழுத்துட்டேன், இன்னிக்கு இறக்கி வெக்கிறேன். எங்க அம்மா பெட்டி முன்னால பாடணும்னு ஒரே வெறி எனக்கு. அதுக்கு ஒரு வார்த்தை தேவைப்பட்டுது. சொன்னேன். சாத்தான் என் பக்கத்துலயே வரல. ஒரு மனுஷன் உசுரு போகக் கூப்பிட்டான். இந்தச் சபையில எனக்குக் கத்துக்கொடுத்த பதிலை நான் சொன்னேன். அவ்வளவுதான் நடந்தது." அவள் கையை நீட்டிக் காட்டினாள். "நான் அதைச் சொன்னப்ப லான்ஸோ அந்தக் கடைசிப் பெஞ்சுல உக்காந்திருந்தாரு. கேட்டுட்டு எழுந்து போனாரு. அப்புறம் இந்த வாசப்படியே ஏறல."

ரெனீட்டாவின் பக்கம் அவளால் பார்க்க முடியவில்லை. ஆனால் அந்தப் பெஞ்சிலிருந்து வந்த சத்தம் கேட்டது. அழுகைக்கும் அதட்டலுக்கும் நடுவில் ஒரு சத்தம்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்," என்றாள் ரெனீட்டா. "ஒரு தடவையாவது அப்பா சொல்லியிருக்கலாம். சபை ஏன் போறதில்லன்னு நான் சின்ன வயசுல கேட்டா, சூட்டு இறுக்குதுன்னு சொல்லுவாரு."

"எங்கிட்டயும் அவரு ஒண்ணும் சொல்லல, கண்ணு. சொல்லியிருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்."

பாஸ்டர் தொண்டையைச் செருமினார். "சபையோர் கேட்டீங்க. சிஸ்டரே சொன்னதைத் திருப்பி எடுத்துட்டாங்க. அப்ப இந்தத் தடைக்கு..."

"ஆதாரம் போச்சு," என்றார் டீக்கன் மேபின். "ஒத்துக்கிறேன். அவங்க வார்த்தைய வெச்சுத்தான் எழுதினோம். வார்த்தை போனா தடையும் போச்சு. சனிக்கிழமை அந்தப் பாட்டைப் பாடலாம். ஆனா பாஸ்டர், அதே வார்த்தைய வெச்சுத்தான் மன்னிப்பும் கொடுத்தோம். அதுவும் போச்சு."

"டீக்கன், அவங்களுக்கு அறுபத்தாறு வயசு."

"புஸ்தகத்துல வயசு எழுதல, பாஸ்டர்."

பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல் வந்தது. "ஹோஸியா, உனக்கு இன்னும் அந்தப் பாதிச் சவரம் முடியலையா?" கூட்டம் சிரிக்கத் தொடங்கி, டீக்கனின் முகத்தைப் பார்த்து அடங்கிற்று. அவர் கோபத்தில் இல்லை. அதுதான் எல்லாரையும் அடக்கிற்று.

"சிரிங்க," என்றார் அவர். "ஆனா ஒரு பாதிய மட்டும் அழிக்கிறது நியாயமா? பாட்டுக்கு ஒரு நியாயம், ஆளுக்கு ஒரு நியாயமா? அடுத்த கூட்டம் மூணு மாசத்துல. அதுவரைக்கும் சிஸ்டரை நிறுத்தி வெச்சிருக்கு. பாடகர் குழுவுல இல்ல, பெஞ்சுலயும் பாடக் கூடாது. அப்ப வந்து, பொய் சொன்னதுக்கு மன்னிப்புக் கேட்டா, முதல் கை நான் தூக்குவேன்."

"அப்ப சனிக்கிழமை அவங்க பாட முடியாதா?" ரெனீட்டா எழுந்துவிட்டாள். "அது அவங்க குரல்! அவங்க இல்லாம அந்தப் பாட்டா?"

பாஸ்டர் வெர்லீனைப் பார்த்தார். ஒரு வார்த்தை போதும், அவர் சபையைக் கெஞ்சிக் கேட்பார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது. வெர்லீன் அதைப் புரிந்துகொண்டாள். அவளுக்கும் ஆசை இருந்தது. லான்ஸோவின் பெட்டிக்கு முன்னால், அவன் பிள்ளைகள் கேட்க, அந்த இரண்டு வார்த்தைகளையும் ஒரு தடவை சொல்லிவிட வேண்டும் என்று செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் மனது அடித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொன்னால் அது கிடைக்காது என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது.

"டீக்கன் சொல்றது சரி, பாஸ்டர்," என்றாள். "கை தூக்கச் சொல்லுங்க."

கைகள் எழுந்தன. சில சட்டென்று, சில மெல்ல. அந்தக் கிழவி மட்டும் தூக்கவில்லை. வெர்லீன் அங்கியைக் கழற்றி மடித்து, தன் இடத்தில் வைத்துவிட்டு, நடுப்பாதை வழியாகக் கடைசிப் பெஞ்சுக்கு நடந்தாள். ரெனீட்டாவைக் கடக்கும்போது அவள் கையை நீட்டி வெர்லீனின் மணிக்கட்டைப் பிடித்தாள். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விட்டாள்.

சனிக்கிழமை சபை கொள்ளவில்லை. நின்றுகொண்டே இருந்தவர்கள் நூறு பேருக்கு மேல். வெள்ளைக் கையுறை போட்ட பெண்கள் வழிகாட்டி உட்காரவைத்தார்கள். லான்ஸோ சாம்பல் நிறச் சூட்டில், மோதிரம் போட்ட கையை மார்பில் வைத்துப் படுத்திருந்தார். நாற்பத்தாறு வருடத்துக்குப் பிறகு உள்ளே வந்திருந்தார்.

வெர்லீன் கடைசிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஆராதனை ஆரம்பிக்கும்போது டீக்கன் மேபின் முன் பெஞ்சிலிருந்து எழுந்து, கைத்தடியைத் தட்டிக்கொண்டு அத்தனை தூரமும் நடந்து வந்தார். அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு விசிறியை அவளிடம் நீட்டினார்.

"உங்களுக்கு முன்னாலதானே இடம், டீக்கன்?"

"நீங்க பாடறீங்களான்னு யாராவது பாத்துக்கணுமே."

"பாடினா என்ன செய்வீங்க?"

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ரெண்டு வருஷமா எனக்கு இந்தக் காது சுத்தமா கேக்கறதில்ல, சிஸ்டர். உங்க பக்கம் இருக்கிற காது." கைத்தடியை இரண்டு காலுக்கு நடுவில் ஊன்றிக்கொண்டார். "அதான் இந்தப் பக்கம் வந்து உக்காந்தேன்."

வெர்லீன் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

பாடகர் குழுவிலிருந்து ஓர் இளைஞன் முன்னால் வந்தான். ஆர்கன் மெல்ல ஆரம்பித்தது. முதல் அடியிலேயே சபை முழுவதும் ஒரு முனகல் ஓடிற்று. இந்தச் சுவர்களுக்குள் அந்தப் பாட்டு ஒரு தடவையும் கேட்டதில்லை. அடுப்பும், தட்டும், காத்திருக்கும் மனிதனும் வந்தார்கள். இளைஞன் குரலில் லான்ஸோவின் வலு இல்லை. ஆனால் உண்மையாகப் பாடினான். ரெனீட்டா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

மூன்றாவது அடி முடிந்தது. ஆர்கன் நின்றது. இளைஞன் பெட்டியைப் பார்த்துக் கேட்டான்.

வெர்லீனின் நெஞ்சுக்குள் மூச்சு ஏறி வந்து நின்றது. தொண்டை திறந்தது. பக்கத்தில் டீக்கன் அசையாமல் உட்கார்ந்திருந்தார். யாருக்கும் தெரியப் போவதில்லை. தெரிந்தாலும் யாரும் எதுவும் சொல்லப் போவதில்லை. ஆனால் ஒரு தடவை அவள் இங்கே பாடுவதற்காகப் பொய் சொன்னவள். இன்னொரு தடவை கள்ளத்தனமாகப் பாட அவளுக்கு மனம் வரவில்லை. உதடுகளை இறுக்கிக்கொண்டாள். தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

பதில் சபையிலிருந்து வந்தது. பெஞ்சுகளிலிருந்தும், சுவரோரத்திலிருந்தும், வாசலில் நின்றவர்களிடமிருந்தும், கிழவர்களும் பிள்ளைகளும் வெள்ளைக் கையுறைக்காரிகளும், பாஸ்டரும்கூட, இரண்டாவது வார்த்தையில் ஏறி, உடைந்து, இறங்கினார்கள். ஒவ்வொரு வளைவும் அவளுடையது. யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் லான்ஸோவைப் பார்த்துத்தான் சொன்னார்கள்.

கண்ணீர் தாடையில் இறங்கி உடுப்பில் சொட்டிற்று. துடைத்துக்கொள்ளவில்லை.

பாட்டு முடிந்து, பிரசங்கம் முடிந்து, பெட்டியை மூடி ஆறு பேர் தூக்கிக்கொண்டு நடுப்பாதையில் வந்தார்கள். கடைசிப் பெஞ்சைத் தாண்டும்போது எல்லாரும் எழுந்து நின்றார்கள். டீக்கன் மேபினுக்கு எழக் கொஞ்சம் சிரமமாயிருந்தது. வெர்லீன் அவர் முழங்கைக்குக் கீழே கை கொடுத்து எழுப்பினாள்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே, சிஸ்டர்," என்றார் அவர்.

"நான் ஒண்ணும் பாடல, டீக்கன்."

அவர் முதல் முறையாக அவள் பக்கம் திரும்பி, கொஞ்ச நேரம் முகத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டார். இருவரும் பெட்டிக்குப் பின்னால் வெயிலுக்குள் இறங்கினார்கள்.